தெருவிளக்கில் படித்தவள்

ஆமா தங்கச்சி, அந்தப் போட்டோவுல இருக்கது நாந்தான். போனை உள்ள வச்சிருங்க. அதைப் பாத்தாலே எனக்கு ஆகாது.

இல்ல இல்ல, உங்க மேல கோவம் இல்ல. உக்காருங்க. இந்த பஸ்ல மதுரை வரைக்கும்தானே? நானும் மதுரையில இறங்கித்தான் பெங்களூருக்கு ரயிலேறணும். நீங்க என்ன சொன்னீங்க, நர்ஸா? நாப்பத்தொண்ணு வயசா? நீங்களும் நான் படிக்கிற யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் போடலாம்னு இருக்கீங்களா? அப்ப முழுசாக் கேட்டுக்கிடுங்க. பேப்பர்ல வந்தது வேற, நடந்தது வேற.

நான் கோவில்பட்டிக்குப் பக்கத்துல பால்வாடி டீச்சர். சண்முகக்கனின்னா யாருக்கும் தெரியாது, கனி டீச்சர்னா தெரியும். பத்தொம்பது வருஷம் ஒரே சென்டர். கல்யாணம் ஆகும்போது பன்னெண்டாங்கிளாஸ்தான் முடிச்சிருந்தேன். எங்க பொண்ணு காலேஜுக்குப் போன அதே வருஷம் நானும் தபால்ல பி.ஏ. சேந்தேன். எங்க வீட்டுக்காரவுகதான் ஃபாரம் வாங்கியாந்தாக. பரீட்சைக்குத் தூத்துக்குடிக்கு வண்டியில கூட்டிட்டுப் போயி, மூணு மணி நேரமும் வாசல்லயே நிப்பாக. கையில ஃப்ளாஸ்க்கு. நான் வெளிய வந்ததும் காப்பியை ஊத்திக் குடுத்துட்டு, "எழுதினியா?"ன்னு கேப்பாக. அவ்வளவுதான் பேச்சு. அவுக பேரு பால்துரை. பள்ளிக்கூட வேன் டிரைவர். இருவத்திரெண்டு வருஷத்துல வேன்ல ஒரு கீறல் கிடையாது. பீடி கிடையாது, வெத்திலை கிடையாது, குடி சுத்தமாக் கிடையாது. இதை நல்லா மனசுல வச்சுக்கிடுங்க.

அந்த யூனிவர்சிட்டியைப் பத்தி மதுரையில ஒரு பயிற்சிக்குப் போனப்பதான் கேள்விப்பட்டேன். குழந்தைக் கல்வியில எம்.ஏ. ஊர்பட்ட பேரு போடுவாங்க, நாப்பது பேரைத்தான் எடுப்பாங்க. ஆனா வேலை பாத்து அனுபவப்பட்டவங்களுக்குன்னு சில இடம் தனியா இருக்கு, படிப்புச் செலவு முழுக்க அவங்களே பாத்துக்கிடுவாங்கன்னு சொன்னாங்க. எனக்கு ஆசை வந்துருச்சு. சும்மா ஆசை இல்ல. என்கிட்ட ஒரு கேள்வி இருந்துச்சு.

என்ன கேள்வின்னா, சென்டருக்குப் புதுசா வர்ற பிள்ளை தன் தட்டுல இருக்க சோத்தைத் தொடாது. ரெண்டு நாள், மூணு நாள் தொடாது. பிறகு ஒரு நாள் பக்கத்துப் பிள்ளை தட்டுல கையை வைக்கும். தன் தட்டுலயும் அதே சோறுதான், அதே முட்டைதான். இருந்தாலும் அடுத்த தட்டுல இருந்துதான் எடுக்கும். இதை எல்லா டீச்சரும் பாத்திருப்பாங்க. நான் ஒண்ணு கூடப் பாத்தேன். எந்தப் பிள்ளை தட்டுல முதல்ல கை வைக்குதோ, அந்தப் பிள்ளைகிட்டத்தான் முதல் வார்த்தை பேசும். என்கிட்ட இல்ல, ஆயாகிட்ட இல்ல. அந்தப் பிள்ளைகிட்ட. பதினோரு வருஷமா நோட்டுப் போட்டு எழுதி வச்சிருக்கேன் தங்கச்சி. பிள்ளை பேரு, வந்த தேதி, யார் தட்டு, என்ன வார்த்தை. இருநூத்திப் பதிமூணு பிள்ளைக. நாலு நோட்டு. அது ஏன் அப்படின்னு யாராவது படிச்சவங்க எனக்குச் சொல்லணும், இல்லாட்டா நானே படிச்சுக் கண்டுபிடிக்கணும். இதுக்குத்தான் போடணும்னு நினைச்சேன்.

விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் சென்டர்ல திறந்து பாக்கேன், முதல் பக்கத்துலயே எரிச்சல். பன்னெண்டாங்கிளாஸுக்கும் பி.ஏ.வுக்கும் நடுவுல உள்ள வருஷத்துக்கு, 'படிப்பில் இடைவெளி, காரணம் கூறுக'ன்னு ஒரு கட்டம். இடைவெளியாம்! நான் பிள்ளை பெத்து, வளத்து, ஊரான் வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் சோறூட்டி, மூக்குச் சளி துடைச்சுவிட்டதெல்லாம் இடைவெளியாம். பல்லைக் கடிச்சுக்கிட்டு நிரப்பினேன். கடைசிப் பக்கத்துல, உங்களைப் பத்தி எண்ணூறு வார்த்தை எழுதுங்கன்னு இருந்துச்சு. இங்கிலீஷ்ல.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், மெதுவா. எழுத வராது. அதுக்குத்தான் ரூபினியைக் கூப்பிட்டேன். எங்க வீட்டுக்காரவுக கூடப்பிறந்த தங்கச்சி மக. சென்னையில, வெளிநாட்டுக்குப் படிக்கப் போற பிள்ளைகளுக்கு இந்த மாதிரிக் கட்டுரை எழுதிக் குடுக்கற கம்பெனியில வேலை பாக்கா. ரெண்டு மணி நேரம் போன்ல நோட்டைப் பத்திச் சொன்னேன். பொறுமையாத்தான் கேட்டா. கேட்டுட்டு என்ன சொன்னா தெரியுமா?

"அத்தை, நீங்க சொல்றது இன்ட்ரஸ்டிங்கா இருக்கு. ஆனா இதுல கதை இல்லையே."

"கதை எதுக்குட்டி? நான் என்ன சினிமாவா எடுக்கப் போறேன்?"

"என்ன கஷ்டத்தைத் தாண்டி வந்தீங்கன்னு பாப்பாங்க அத்தை. மாமா எதுவும் தடுக்கலையா? படிக்கக் கூடாதுன்னு சண்டை கிண்டை?"

"அவுக எங்க தடுத்தாக? ஃபீஸ் கட்டுததுக்கு அவுகதான் லீவு போட்டுட்டு வரிசையில நின்னாக."

"சே"ன்னா.

சேன்னு சொன்னா தங்கச்சி! புருஷன் நல்லவரா இருக்கதுக்கு ஒரு பிள்ளை சே கொட்டுது. அன்னைக்கே எனக்குச் சுள்ளுன்னு ஏறுச்சு. ஆனா தேதி நெருங்கிக்கிட்டு இருந்துச்சு, வேற யாரைப் போயிக் கேக்க? "நீ எழுதிட்டு அனுப்பு"ன்னுட்டேன்.

கடைசித் தேதி அன்னைக்கு மத்தியானம் அனுப்பினா. சென்டர்ல அன்னைக்கு எடை போடுத நாள். ஒரு பிள்ளை தராசுல நிக்கமாட்டேன்னு அழுதுக்கிட்டு இருக்கு. அந்த அவசரத்துல போனைப் பாத்தேன். சின்னச் சின்ன எழுத்து. மேலோட்டமாக் கண்ணை ஓட்டினேன். நடுவுல 'ட்ரங்க்கர்ட்'னு ஒரு வார்த்தை கண்ணுல பட்டுச்சு. ஊர்ல குடிகாரன் எவனையாவது சொல்லுதா போலன்னு நினைச்சுக்கிட்டேன். 'ஹஸ்பண்ட்'னு பக்கத்துலயே இருந்துச்சுதான். இருக்கும்ல? கல்யாணம் ஆனவ கட்டுரையில ஹஸ்பண்ட் இருக்காதா? சாயங்காலம் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயி ஏத்தினோம். பட்டனை நாந்தான் அமுக்கினேன். ஆனா அமுக்கினவ எழுதினவளாயிருவாளா, சொல்லுங்க.

மார்ச் மாசம் நேர்காணலுக்குக் கூப்பிட்டு விட்டாங்க. அவுகளும் கூட வந்தாக. பெங்களூர்ல அந்த கேட்ல செக்யூரிட்டி என்னை மட்டும் உள்ள விட்டுட்டு அவுகளை நிறுத்திட்டான். "நீ போ, நான் இங்கனயே நிக்கேன்"ன்னாக. நாலு நோட்டும் ஒரு துணிப்பையில இருந்துச்சு. உள்ள போனா நீள வராண்டா, முழுக்கச் சின்னப் பிள்ளைக. என் பொண்ணை விடச் சின்னதுக. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பிள்ளை என்னைப் பாத்து, "ஆன்ட்டி, உங்களுக்கு ஈஸிதான், உங்ககிட்ட லைஃப் இருக்கு. எனக்கு ஒரு பிரச்சினையும் நடந்ததில்ல, என்னத்தைச் சொல்ல"ன்னு கண்ணைக் கசக்குது. பிரச்சினை இல்லன்னு அழுத பிள்ளையை நான் அன்னைக்குத்தான் முதல்முதல்ல பாத்தேன். என்ன இடம்டா இதுன்னு இருந்துச்சு.

உள்ள மூணு பேரு. நடுவுல கண்ணாடி போட்ட ஒரு மேடம், தமிழ்க்காரங்க. நான் உக்கார்றதுக்குள்ளயே, "சண்முகக்கனி, உங்க கட்டுரையைப் படிச்சிட்டு நான் அழுதுட்டேன்"ன்னாங்க. எனக்குச் சந்தோசம். அந்தத் தட்டு விஷயம் அவ்வளவு தூரம் தச்சிருக்குன்னு நினைச்சுப் பையில கையை விடுதேன், அடுத்த கேள்வி வருது.

"உங்க ஹால் டிக்கெட்டை உங்க கணவர் எரிச்ச அன்னைக்கு உங்க மனசு எப்படி இருந்தது?"

எந்த ஹால் டிக்கெட்டு? அந்தம்மா இன்னும் சொல்லிக்கிட்டே போறாங்க. அவரு குடிச்சிட்டு வந்து வெளக்கை அணைச்சிருவாராம். நான் தெருவிளக்குக்கு அடியில உக்காந்து படிச்சேனாம். எங்க வீட்ல எட்டு வருஷமா இன்வெர்ட்டர் இருக்கு தங்கச்சி! நான் படிக்கேன்னு அவுகதான் வாங்கி மாட்டினாக. பிறகு என் வைராக்கியத்தைப் பாத்து அவரு திருந்திட்டாராம். கட்டுரையில அப்படி முடிச்சிருக்கா அந்த நாறமுண்டை. அவளுக்குச் சொந்தத் தாய்மாமன்!

மேசையில தண்ணி இருந்துச்சு. எடுத்துக் குடிச்சேன். பாதி சேலையில கொட்டிருச்சு. அந்தம்மா எந்திரிச்சு வந்து என் தோளைத் தொட்டு, "பரவால்ல, சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம்"ன்னாங்க. மத்த ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. அதை நல்லாக் கேட்டுக்கிடுங்க. அந்த ரூம்ல என் வாயில இருந்து ஒரு பொய் வரலை. அவங்களாக் கேட்டாங்க, அவங்களாப் பதில் வச்சுக்கிட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ங்கீங்களா? எப்படிச் சொல்ல? கண்ணு கலங்கி நிக்கிற ஒரு பெரிய மனுஷிகிட்ட, நீங்க அழுதது வீண்னு சொல்லுததா? அது மரியாதையா?

கடைசியில ஓரத்துல இருந்த பெரியவர், "பையில என்ன?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு. நான் நோட்டை வெளிய எடுக்கதுக்குள்ள மேடம் கடிகாரத்தைப் பாத்துட்டாங்க. நேரம் முடிஞ்சிருச்சு.

கேட்டுக்கு வெளிய அவுக வெயில்ல நிக்காக. "நல்லாக் கேட்டாங்களா? நோட்டைக் காமிச்சியா?"ன்னாக. காமிச்சேன்னேன். பாவம், அவ்வளவு தூரம் வந்த மனுஷனை எதுக்கு வருத்தணும்.

அன்னைக்கே ரூபினியை போன்ல பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினேன். அவ ஒரே வார்த்தை சொன்னா. "அத்தை, உங்களுக்கு அனுப்பினேன்ல? படிச்சிட்டு வாட்ஸப்புல கட்டைவிரல் போட்டீங்களே." ஆமா, போட்டேன். கட்டைவிரல்னா வந்து சேந்துச்சுன்னு அர்த்தம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதுகூடத் தெரியலை.

ஏப்ரல்ல சீட்டு கிடைச்சிருச்சு. அவுக வேன்ல போற பிள்ளைகளுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் குடுத்தாக. நானும் சம்பளமில்லாத நீண்ட விடுப்புக்கு எழுதிப் போட்டேன். சரி, இத்தோட போகும்னு பாத்தா, மே மாசம் யூனிவர்சிட்டியில இருந்து ஒரு பொண்ணும் கேமராக்காரனும் வீட்டுக்கே வந்துட்டாங்க. அவங்க பத்திரிகைக்குப் பேட்டியாம். அவுக கடைக்குப் போயி கலர் சோடா வாங்கியாந்து, உடைச்சு, டம்ளர்ல ஊத்திக் குடுத்தாக. அந்தப் பொண்ணு ஒரு மடக்குக் குடிச்சிட்டு, சிரிச்ச முகமா அவுகளைப் பாத்துக் கேக்குது.

"சார், நீங்க குடியை விட்டது ரொம்பப் பெரிய விஷயம். எப்ப விட்டீங்க?"

அவுக கையில கலர் பாட்டில். என்னைப் பாத்தாக. நான் காலண்டரைப் பாத்தேன். போன மாசத்துத் தாளை யாரும் கிழிக்காம இருந்துச்சு, அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவுக இப்ப கத்துவாக, பாட்டிலைப் போட்டு உடைப்பாக, எல்லாம் தெரிஞ்சுரும், தெரியட்டும்னு நினைச்சேன்.

"விட்டுட்டேங்க"ன்னாக. "ஆச்சு, சில வருஷம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஒரு ஆம்பளைக்கு இவ்வளவுகூடவா ரோஷம் இருக்காது? ஒரு சொட்டு தொடாத மனுஷன், வந்தவ கேட்ட உடனே, விட்டுட்டேங்கன்னு சொல்லுதாக. அருவருப்பா இருந்துச்சு எனக்கு. அதுக்குப் பிறகு அந்தக் கேமராக்காரன் ஆட்டம். மத்தியானம் மூணு மணி, மே மாச வெயில். தெருவிளக்குக் கம்பத்துக்கு அடியில என்னை உக்கார வச்சுக் கையில ஒரு புஸ்தகத்தைக் குடுத்தான். அவுகளைப் பின்னால நிக்கச் சொல்லி, "சார், கொஞ்சம் தலையைக் குனிஞ்சுக்கிடுங்க"ன்னான். குனிஞ்சாக! எதுத்த வீட்டுக்காரி வாசல்ல நின்னு பாக்கா. அந்தப் போட்டோதான் நீங்க வச்சிருக்கது.

அவங்க போன பிறகு, கேப்பாக, திட்டுவாகன்னு காத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா நானும் எல்லாத்தையும் கொட்டித் தீத்திருப்பேன். அவுக டம்ளரையெல்லாம் எடுத்துக் கழுவிக் கவுத்தினாக. கையைத் துடைச்சுக்கிட்டு வந்து, "உண்மை தெரிஞ்சா சீட்டைப் பறிச்சிருவாங்களோ?"ன்னாக.

"தெரியலை"ன்னேன்.

"அப்ப சரி"ன்னாக.

என்ன சரி? சொல்லுங்க, என்ன சரி?

யூனிவர்சிட்டிப் பத்திரிகையில வந்ததை நம்ம ஊருப் பேப்பர்காரனும் எடுத்துப் போட்டுட்டான். 'தெருவிளக்கில் படித்த அங்கன்வாடி ஆசிரியை.' ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்ததும், வேன்ல பிள்ளையை அனுப்புத அம்மாமாரெல்லாம் பள்ளிக்கூடத்துல போயி நின்னுட்டாங்க. குடிகாரன் ஓட்டுத வேன்ல எங்க பிள்ளையை எப்படி அனுப்பன்னு. இருவத்திரெண்டு வருஷமா அவுக கையைப் பிடிச்சு இறங்கின பிள்ளைகளோட அம்மாமாரு! சில பேரு அவுக வேன்லயே வந்து படிச்சவளுக. ஒருத்திக்காவது தெரிய வேண்டாம்? கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டு, "அண்ணாச்சி, உங்களை எனக்குத் தெரியும். ஆனா பெத்தவங்க பயப்படுதாங்க. கொஞ்ச நாள் கேட்ல நில்லுங்க"ன்னு சொல்லிச் சாவியை வாங்கிக்கிட்டாரு. அவுக வேனுக்கு அவுகளே கேட்டைத் திறந்துவிட்டுட்டு நிக்காக. எல்லாரும் மனுஷங்களா?

"போயி உண்மையைச் சொல்லுங்க"ன்னு நான் சொல்லத்தான் செஞ்சேன். சொல்லலைன்னு யாரும் சொல்ல முடியாது. அவுக, "சொன்னா உன் சீட்டு?"ன்னாக. அதுக்கு நான் என்ன சொல்ல? பெங்களூருக்குக் கிளம்ப நாலு நாள்தான் இருந்துச்சு. பொட்டி அடுக்கணும், சென்டர் சாவியை ஒப்படைக்கணும், ஆயிரம் வேலை.

ஜூலையில போயிச் சேந்தேன். படிப்பு நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லக்கூடாது. ஆனா அங்க எவரும் என்னைக் கனின்னு பாக்கதில்ல. என் கூடப் படிக்கிற பிள்ளைக வந்து, "ஆன்ட்டி, யூ ஆர் ஸோ ஸ்ட்ராங்"ன்னு கட்டிப் பிடிக்குதுக. விடுதியில நான் லைட்டை அணைச்சா, ரூம்ல இருக்க பிள்ளை பதறிப் போயி, "உங்களுக்கு ஓகேவா?"ன்னு கேக்குது. நோட்டு நாலும் அலமாரியிலதான் இருக்கு. இன்னும் ஒருத்தரும் கேக்கலை. நானாப் போயி எதுக்குக் காமிக்கணும்?

டிசம்பர் லீவுக்கு வீட்டுக்கு வந்தேன். வந்தா மேசையில ஒரு நோட்டீஸ். குடியை மறக்க வைக்கிற சங்கம் ஒண்ணு, ஒரு டாக்டர் நடத்துதாரு. ஞாயித்துக்கிழமை காலையில கல்யாண மண்டபத்துல கூட்டம். பேசுதவங்க பேருல, 'மீண்டு வந்த திரு. பால்துரை'ன்னு போட்டிருக்கு.

"என்ன இது? போகப்போறீகளா?"ன்னேன்.

"ரெண்டு தடவை வரலைன்னுட்டேன். டாக்டரு வீடு தேடியே வந்துட்டாரு. ஏன் வரமாட்டேங்கீங்கன்னு கேட்டா என்னத்தைச் சொல்ல?"

அயர்ன் பண்ணின சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பினாக. என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. போகாம இருந்தா நல்லா இருக்காதுன்னு போனேன். முன்னூறு பேரு இருக்கும். பாதிப் பேரு மேல சாராய நாத்தம். முன் வரிசையில என்னை உக்கார வச்சுட்டாங்க. அவுகளை மேடைக்குக் கூப்பிட்டதும், ரெண்டு வார்த்தை முணுமுணுத்துட்டு இறங்கிருவாகன்னுதான் நினைச்சேன். வீட்ல நாலு வார்த்தை சேந்தாப்ல பேசாத ஆளு.

மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாக. பிறகு ஆரம்பிச்சாக.

"ஒரு நாள் சோறு ஆறிருச்சுன்னு தட்டைத் தூக்கி எறிஞ்சேன். வெண்கலத் தட்டு. என் சம்சாரம் நெத்தியில பட்டுச்சு. ரத்தம் கண்ணுல வழியுது. அவ அழலை. பக்கத்து வீட்டுக்குக் கேட்ருமேன்னு சேலையை வாயில வச்சு அடைச்சுக்கிட்டா. பையன் ஓடிப்போயிக் கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டான். குனிஞ்சு பாத்து, வாடான்னேன். வரலை. சிரிச்சுக் கூப்பிட்டேன். அப்பவும் வரலை. நான் சிரிச்சதுதான் அவனுக்கு ரொம்பப் பயம்."

மண்டபமே என் நெத்தியைப் பாக்குது தங்கச்சி. எனக்கு நெத்தியில ஒண்ணும் கிடையாது. நானும் என்னடா உளறுதாகன்னு பாக்கேன். பையன்ங்காக. எங்களுக்கு ஒரே பொண்ணு. எந்தப் பையன்?

அப்புறந்தான் உறைச்சுது. எங்க மாமியாருக்கு இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு உண்டு. மாடு முட்டிருச்சுன்னுதான் சாகுற வரைக்கும் சொன்னாக. மாமனாரை நான் பாத்ததே இல்ல, எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே போயிட்டாரு. வீட்ல அவரு போட்டோகூட இல்ல. ஏன்னு நானும் கேட்டதில்ல. இருவத்தெட்டு வருஷம் பக்கத்துல படுத்த பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. முன்னூறு குடிகாரங்க முன்னால, அப்பன் செஞ்சதையெல்லாம் தான் செஞ்சதாச் சொல்லிக்கிட்டு நிக்காக. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்ல. என்கிட்டச் சொன்னா என்னவாம்? நான் கேட்டிருக்க மாட்டேனா?

கடைசியில டாக்டர் மைக்கை வாங்கி, "எப்படி விட்டீங்க அண்ணாச்சி?"ன்னு கேட்டாரு.

"வீட்ல படிக்கணும்னு ஆசைப்பட்டா. அதான்"ன்னாக.

கை தட்டினாங்க பாருங்க, காது கிழியுத மாதிரி. சால்வை போத்தினாங்க. எனக்கும் ஒண்ணு போத்தினாங்க. கழுத்துல முள்ளு மாதிரி குத்துச்சு அது.

அத்தோட விட்டுச்சா? அடுத்த நாள்ல இருந்து வீட்டு வாசல்ல ஆளுக. காலையில பல்லு விளக்கி நிமிர்ந்தா ஒருத்தன் நிக்கான். "அண்ணாச்சி இருக்காகளா?" அவுக கேட் வேலைக்குப் போறதுக்கு முன்னால அவங்களைக் கூட்டி உக்கார வச்சுப் பேசுதாக. பேசுததும் இல்ல, கேட்டுக்கிட்டு இருக்காக. நாத்தம் தாங்க முடியலை. எதுத்த வீட்டுக்காரி சன்னலைச் சாத்திக்கிட்டா. "எதுக்கு உங்களுக்கு இந்த வேலை? நீங்க குடிச்சீங்களா, விட்டீங்களா, உங்களுக்கு என்ன தெரியும்னு இவனுகளுக்குப் புத்தி சொல்லுதீக?"ன்னு கத்தினேன். "கட்டிலுக்கு அடியில இருந்து பாத்தது தெரியும்லா"ன்னாக. அன்னைக்கு ஒரு நாள்தான் என்கிட்ட அதைப் பேசினாக. பிறகு நானும் கேக்கலை, அவுகளும் சொல்லலை.

இன்னைக்குக் காலையில, நான் கிளம்புததுக்குப் பொட்டியைப் பூட்டிக்கிட்டு இருக்கேன். ஒருத்தன் வந்தான். நல்ல வாட்டசாட்டமான ஆளு, லோடு ஏத்துதவன் போல. கை மட்டும் வெடவெடன்னு நடுங்குது. மூணு நாளாத் தொடலையாம். தரையில உக்காந்துக்கிட்டு அவுககிட்டக் கேக்கான், "அண்ணாச்சி, நீங்க விட்டு எத்தனை வருஷமாச்சு?"

அவுக வாயைத் திறந்தாக. வருஷம் வரலை. மேடையில அவ்வளவு பேசின மனுஷனுக்கு ஒரு கணக்குச் சொல்ல வரலை. முழிச்சுக்கிட்டு நிக்காக. அவன் அவுக முகத்தையே பாக்கான். அவன் முகம் மாறிக்கிட்டே வருது. எந்திரிக்கப் போறான்னு தெரிஞ்சுது.

"ஏழு வருஷம்"னேன்.

என்ன நினைச்சுச் சொன்னேன்னு எனக்கே தெரியலை. அவன் என் பக்கம் திரும்பிட்டான். "முதல் வாரம் எப்படி மதினி இருந்தாக? எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊருத மாதிரி இருக்கு. செத்துருவேனோன்னு இருக்கு."

"சாகமாட்டீங்க"ன்னேன். "அவுகளுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. வேர்த்து ஊத்தும். கையில டம்ளர் நிக்காது. எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு, உப்புப் போட்டு, நாந்தான் வாயில ஊத்துவேன். நாலாம் நாள் கொஞ்சம் குறையும். எதுக்கும் இன்னைக்கே அந்த டாக்டரைப் போயிப் பாத்துருங்க."

அவுக என்னையே பாத்துக்கிட்டு நின்னாக. நான் அவுக பக்கம் திரும்பலை. அந்த ஆளுக்குப் பின்னால, வாசப்படிக்கு வெளிய, ஒருத்தி நிக்கதை அப்பத்தான் பாத்தேன். அவன் பொண்டாட்டி. இடுப்புல பிள்ளை. உள்ள வரலாமா வேண்டாமான்னு செருப்பைக் கழத்துததும் மாட்டுததுமா நிக்கா. பஸ்ஸுக்கு எனக்கு நேரமாச்சு.

உள்ள வாம்மான்னேன். வேற என்ன செய்ய?